பெரிய டாக்டர் நீட்டிய கை

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றாலும் அவருடைய வாய் ஓய்வு பெறவில்லை. "கை வைக்காம என்னம்மா ஆபரேஷன்? தொட்டுப் பாத்தாதானே கட்டி எது, சதை எதுன்னு தெரியும்" என்று, இயந்திரக் கைகளை இயக்கப்போகும் பெண் சர்ஜனிடம் காலையிலேயே முறைத்துக்கொண்டார்.

"பக்கத்துலயே நின்னு பாருங்க சார். எதையும் தொட்டுடாதீங்க, அவ்வளவுதான்" என்றாள் அவள்.

முறைப்பெல்லாம் பயத்தினால் வந்தது. உள்ளே மேசையில் படுத்திருந்தது அவர் மனைவி. தம்பிக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்தே இத்தனை காலம் ஓட்டியவள். இப்போது அதில் கட்டி. கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும். தவறினால் ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு கண்ணாடி அலமாரி. தந்தப் பிடியில் பூ செதுக்கிய, எலும்பறுக்கும் பழைய ரம்பமும், பூவே இல்லாத எஃகு ரம்பமும் அதில் அருகருகே கிடந்தன. தந்தம் கொதிநீர் தாங்காது. பூவின் இடுக்கில் கிருமி குடியிருந்தது. "பூப் பிடியை விட மனசில்லாம முரண்டு பிடிச்ச டாக்டருங்க எத்தனை பேரோ" என்று மாணவர்களிடம் நக்கலடிப்பது அவர் வழக்கம். இன்று அதைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

சர்ஜன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, இயந்திரக் கைகளை இயக்கும் பெட்டிக்குள் முகம் புதைத்திருந்தாள். நோயாளியின் பக்கத்தில் இயந்திரக் கைகள் மட்டுமே. வயிற்றில் சட்டைப் பொத்தான் அளவில் சில துளைகள். உள்ளே நடப்பது திரையில் பெரிதாகத் தெரிந்தது.

திடீரென்று திரை சிவந்தது. ரத்தம்.

பெரிய டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை நீட்டினார். கேட்காமலே கருவி வந்து விழ வேண்டும் என்பது அவர் காலத்துச் சட்டம். அவரோடு நின்றே தலை நரைத்த நர்ஸ், ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றை யோசிக்காமல் டப்பென்று வைத்தாள். வைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் கையில் உறையில்லை. அவ்வளவு பெரிய கிளாம்ப் நுழைய வழியுமில்லை.

மூலையில் சர்ஜனின் தலை திரும்பவே இல்லை. அரிசியளவு முனை ஒன்று கசியும் இடத்தைப் பிடித்தது; இன்னொன்று, எந்த மனித மணிக்கட்டாலும் வளைய முடியாதபடி வளைந்து ஊசியை இழுத்தது. அவர் கையிலிருந்த கிளாம்ப் நடுங்கியது. திரையிலிருந்த ஊசி நடுங்கவில்லை. சிவப்பு மெல்ல வடிந்தது. பெரிய டாக்டருக்கு, இப்படி ஒன்றைப் பார்க்கவும் ஆயுள் கிடைத்ததே என்றிருந்தது.

கருவிகளை எண்ணும்போது நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "சார், ஒண்ணு குறையுது."

"என் கையிலதான் இருக்கு."

"வெளிய சொல்லிடாதீங்க சார். மானம் போயிடும்."

"எனக்கு மட்டும் போகாதா?"

மயக்கம் தெளிந்த மனைவி விலாவைத் தடவினாள். தம்பிக்குக் கொடுத்தபோது ஒரு கை நுழையும்படி கிழித்த நீளத் தழும்புதான் அகப்பட்டது. "இன்னும் ஆரம்பிக்கலையா?"

"முடிஞ்சே போச்சு."

கட்டிலடியில் தொங்கிய பையில் சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியிருந்தது. எத்தனையோ பேருக்குப் பார்த்து, 'சரி' என்று நகர்ந்துபோன பைதான். இன்று குனிந்து உட்கார்ந்து பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. பையிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கதோஷத்தில், உள்ளங்கையை நீட்டினார்.

அதில் மனைவியின் கை வந்து விழுந்தது.