எண்ணாமல் விட்ட பெட்டி

ஊசியக்காவை அந்த நகரத்தில் தெரியாதவர் இல்லை. முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து பாதி ஊருக்கு ஊசி போட்டவள். ஓய்வு பெற்றதும் நகரசபைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டாள். ஏழு வாக்கில் தோற்றதாக அறிவித்தார்கள்.

தோற்றது அவளுக்கு உறைக்கவில்லை. ஒரு பெட்டியை எண்ணவே இல்லை என்பதுதான் உறைத்தது. பெட்டியில் ஒட்டிய சீட்டில் அதிகாரி வாக்குச்சாவடி எண்ணை மாற்றி எழுதிவிட்டாராம். அதற்காக இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் வாக்கை ஓரங்கட்டிவிட்டார்கள்.

"அவர் தப்பா எழுதினதுக்கு ஜனங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"கோர்ட்ல போய்க் கேளுங்க" என்றார்கள். போனாள்.

முதல் வருடம், மனுவின் நகலில் கையெழுத்து சரியான இடத்தில் இருக்கிறதா என்ற வாதத்திலேயே போயிற்று. இரண்டாம் வருடம், வென்றதாக அறிவிக்கப்பட்ட காண்ட்ராக்டருக்கு முதுகுவலி. வாய்தாவுக்கு வாய்தா மருத்துவச் சான்றிதழ் வந்தது. அதே வாரங்களில் அவர் குனிந்து நிமிர்ந்து அடிக்கல் நாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் வருடம் நீதிபதி மாறினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

"முதுகுவலிக்கு நானே ஒண்ணு போட்டு அனுப்பியிருப்பேன்" என்றாள் ஊசியக்கா. வக்கீல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பதவிக்காலம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது நீதிமன்ற மேசையிலேயே பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். அவளுக்கு நூற்று நாற்பத்தொன்று, காண்ட்ராக்டருக்கு எழுபத்தொன்று. அவள்தான் வென்றவள் என்று தீர்ப்பு வந்தது. காண்ட்ராக்டர் மேல்முறையீடு செய்தார். வழக்குக்கு நாலரை வருடம் எடுத்தவர்கள் தடை உத்தரவை மறுநாளே கொடுத்தார்கள்.

மேல் நீதிமன்றம் வாய் திறந்தபோது பதவிக்காலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இனித் தீர்மானிக்க எதுவுமில்லை, வழக்கு முடித்துவைக்கப்படுகிறது என்றார் நீதிபதி.

வக்கீல் கையைப் பிடித்து இழுக்க இழுக்க ஊசியக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, பதவி வேணாம். ஜெயிச்சது யாருன்னு ஒரு வரி எழுதிடுங்க."

"அதுக்கு இப்ப அவசியமில்லம்மா."

"உங்களுக்கு இல்லாம இருக்கலாம். ஓட்டுப் போட்டவங்களுக்கு இருக்கு."

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தவளுக்கு ஆத்திரம் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள், கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைக் கட்டுக்கட்டாக நகலெடுத்துக்கொண்டு அந்தச் சாவடியின் தெருக்களுக்குப் போனாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்க ஓட்டை எண்ணியாச்சு, இந்தாங்க" என்று கொடுத்தாள்.

ஒரு வீட்டில் லாரி ஓட்டுநர் ஒருவர் வாங்கத் தயங்கினார். "அக்கா, மறைப்பானேன். நான் உங்களுக்குப் போடல."

"அதனால என்ன? உங்க ஓட்டையும்தான் குப்பைல போட்டாங்க. வாங்கிக்கங்க."

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாசலில் நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.