யாரும் படிக்காத இரண்டு வரி

கம்ப்யூட்டர் திரையில் திடீரென்று முளைக்கும் எச்சரிக்கைகளை எழுதுவதுதான் அவளுக்கு வேலை. ஆபீசில் அவளுக்கு 'ஜாக்கிரதை அக்கா' என்று பெயர். தரத்துக்கு ஒத்துவராத கருவி எதையாவது செருகினால் வருகிற இரண்டு வரிக்காக மட்டும் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள்: 'இணைக்கப்பட்ட சாதனம் நிர்ணயித்த தரத்துக்கு உட்பட்டதல்ல. எதிர்பாராத விளைவுகள் நேரலாம்.' கம்பெனி வக்கீல்கள் அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அந்தப் பெருமையில் ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே யாருக்கும் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சரியாகத் தெரியாது. தம்பி மனைவி முன்னறையில் சின்ன எம்பிராய்டரி மெஷின் வைத்துப் பள்ளிச் சட்டைகளில் சின்னம் தைத்துக் கொடுப்பவள். மெஷின், செல்போன், குட்டி ஃபேன் மூன்றும், பல வயர்களைச் சேர்த்துச் செருகுகிற ஒரே ஹப்பில் தொங்கின. தம்பி மனைவி பேசிக்கொண்டே அந்த ஹப்பை லேப்டாப்பில் செருகினாள். இரண்டு வரியும் பளிச்சென்று வந்தன. எழுதியவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. செருகியவளோ ஈ ஓட்டுகிற மாதிரி ஒரே தட்டில் மூடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

"அதைப் படிக்க மாட்டியா?"

"அதுவா அண்ணி? தினமும் வரும். ஏதோ எங்கயோ சரியில்லைங்குது. எதுன்னு சொன்னாத்தானே பாக்கறது?"

பேச்சு கொஞ்ச நேரம் ஓடிய பிறகு, எதுவென்று அவளே பார்க்கப் போனாள். கையை நீட்டி ஹப்பைத் தொட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படிச் சுட்டது. ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. பக்கத்திலேயே தைத்து முடித்த சட்டைகள் குவியலாகக் கிடந்தன. முதல் நாளிலிருந்தே எச்சரிக்கை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் யாருக்கும் புரியாதபடி சொல்லியிருக்கிறது. ஹப்பைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அதை மேனேஜர் மேஜையில் வைத்தாள். யார் அதையெல்லாம் படிக்கிறார்கள், நாளைக்கு ஒன்று ஆனால் நாம் சொன்னோம் என்று இருக்கட்டுமே என்றார் அவர்.

"நம்மைக் காப்பாத்தறதுக்கு அது போதும் சார். அவங்களை?"

மேனேஜர் இளகிப்போன பிளாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாற்றி எழுதச் சொன்னார். 'சூடாகலாம்' என்ற சொல்லுக்காக வக்கீல்களோடு நான்கு முறை மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் இப்படி வந்து நின்றது: 'இடப்பக்கம் செருகியுள்ள ஹப் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கிறது. சூடாகலாம். கழற்றிவிடுங்கள்.'

மூன்று மாதம் கழித்துத் தம்பி மனைவி போன் செய்தாள். தம்பி வாங்கி வந்த புது ஹப்பும் பழசுக்கு அண்ணன்தானாம். கம்ப்யூட்டர் கழற்றச் சொன்னது, உடனே கழற்றிவிட்டாளாம். பாதிச் சின்னத்தில் மெஷின் நிற்கிறது, வேறு எதை வாங்குவது என்று மட்டும் அது சொல்ல மாட்டேன் என்கிறதாம்.

"அதை எழுதினதே நான்தான்."

"அந்தப் பழைய ரெண்டு வரியை எழுதினதும் நீங்கதானா, அண்ணி?"

ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, எந்த ஹப் வாங்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.