ஆள் இருக்கிற வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். நான் வேலாயுதத்தைக் கல்யாணம் பண்ணிப் பார்த்தேன். வீட்டின் லட்சணமும் அதிலேயே தெரிந்துபோயிற்று.

அவருக்குக் கஃப் ரோட்டில் மசாலா அரைக்கும் மில். அதற்கு மேல்மாடியில் ஓர் அறை, அதுவும் வாடகைக்கு. அதில்தான் எங்கள் குடித்தனம். கீழே மிளகாய் அரைத்தால் மேலே நான் தும்முவேன். சமைக்கப் பின்பக்கம் ஒரு பொது அடுப்படி, ஐந்து குடும்பங்களுக்கு. என் ரசத்தில் அடுத்தவள் வறுத்த மீன் மணக்கும். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்க ஒரு சொந்த அடுப்படி.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் நோரிஸ் ரோட்டில் ஒரு வீடு வாங்கினார். என் வளையல்களும் அதற்குள் போயின. சந்தோஷமாகத்தான் கழற்றிக் கொடுத்தேன்.

"எப்போ குடி போறோம்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "வீட்டுல ஆள் இருக்குடி. ஆள் இருக்கற வீடுன்னுதான் மலிவாக் கெடச்சுது. காலி வீடெல்லாம் நம்ம கைக்கு எட்டுமா?"

ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் கட்டிய வீடுகளில் இருப்பவர்களை லேசில் கிளப்ப முடியாது, நினைத்தபடி வாடகையை ஏற்றவும் முடியாது. சட்டம் அப்படி. அதனால் அந்த மாதிரி வீடுகளை மற்றவர்கள் சீந்தமாட்டார்கள். இவர் தேடித் தேடி வாங்கினார். பிறகு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒன்று, பஃபலோ ரோட்டில் ஒன்று. எல்லாவற்றிலும் ஆள். ஊர் என்னை வீட்டுக்காரம்மா என்றது. வீட்டுக்காரம்மா பொது அடுப்படியில் தன் முறைக்குக் காத்து நின்றாள்.

"புள்ளையா குட்டியா, யாருக்குங்க சேக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அன்று அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

நோரிஸ் ரோட்டு வீட்டில் பூவம்மா தன் மகனோடு குடியிருந்தாள். வாடகை வாங்க மாதாமாதம் நான்தான் போவேன். அவள் அடுப்படியைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டு திரும்புவேன்.

அறுபத்தேழில் பூவம்மா ஒரு சேதி சொன்னாள். "அக்கா, எங்களுக்குத் தோ பாயோவுல கவர்மெண்டு பிளாட் கெடச்சிடுச்சு. அடுத்த மாசம் போறோம்லா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் போன மறுநாளிலிருந்து அந்த வீட்டைத் தேய்த்துக் கழுவினேன். அடுப்படிச் சுவரில் படிந்திருந்த கரியைச் சுரண்டிச் சுரண்டி நகம் பிய்ந்தது. பால் காய்ச்ச ஒரு வெண்கலப் பானை வாங்கினேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்"மை நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பானையோடு போனால் வாசலில் ஒரு லாரி நிற்கிறது. கட்டில் இறங்குகிறது, தையல் மெஷின் இறங்குகிறது.

"வாங்கக்கா," என்றாள் உள்ளேயிருந்து ஒரு பெண், சாயிரா பானு என்று பெயராம். "ஒங்க வீட்டுக்காரருதான் நேத்து சாவி குடுத்தாரு. அடுப்படி என்ன சுத்தமா இருக்கு!"

நான் கழுவிய அடுப்பில் அவள் உலை வைத்திருந்தாள்.

நேரே மில்லுக்குப் போனேன். அவர் மிளகாய் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தன நாளும் சட்டம், சட்டம்னீங்க. இப்போ எந்தச் சட்டம் தடுத்துச்சு?"

"கத்தாத. சாவிக்குன்னு புதுசா வந்தவங்க கையில நல்ல தொகை குடுத்தாங்க. அத வச்சு ரோவல் ரோட்டு வீட்ட வாங்கி முடிச்சிட்டேன்."

"அது காலி வீடா?"

அவர் மூட்டையைத்தான் பார்த்தார்.

அந்தப் பானையோடும் இரண்டு சேலையோடும் தோ பாயோவுக்கு பஸ் ஏறினேன். பூவம்மா வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது.

"எனக்கு வாடகைக்கு விடுவியா?" என்று கேட்டேன்.

அவள் அழுதுவிட்டாள். "என்னக்கா இது, நீங்க போயி..." என்றாள். காசே வேண்டாம் என்றாள். கொடுத்தால்தான் இருப்பேன் என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு அந்தக் காசில் கொடுக்கிறேன். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று பூவம்மாவே சொல்லிவிட்டாள்.

மாதக் கடைசியில் அவர் தேடிக்கொண்டு வந்தார். பூவம்மா எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை.

"நாலு வீட்டுக்குச் சொந்தக்காரி, ஒண்டுக் குடித்தனம் இருக்கியே. ஊரு சிரிக்குதுடி. கெளம்பு."

"எங்க போறதுங்க? நாலுலயும் ஆள் இருக்கே."

அவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. என்னமோ சொல்லப் போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அவர் கண் என்னை விட்டு ஜன்னலுக்குப் போயிற்று, கூரைக்குப் போயிற்று, அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"பூவம்மா," என்றார். "இந்த ரூமுக்கு இவகிட்ட எவ்வளவு வாங்கற?"