ஓரிரு இடங்களில் இடியுடன்

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை, பலத்த காற்று. சித்திரை பிறந்ததிலிருந்து என் போனுக்குத் தினமும் இதே செய்திதான். ஐந்து மாவட்டத்தில் ஓரிரு இடம் என்றால் எந்த இடம் ஐயா? எங்கள் ராசிபுரம் பக்கம் பன்னிரண்டு நாளாக ஒரு பொட்டு விழவில்லை.

இங்கே ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ மில்லில் நான் சூப்பர்வைசர். மரவள்ளிக் கிழங்கு மாவைக் களத்தில் காயப்போடலாமா வேண்டாமா என்று காலையில் சொல்வது என் பொறுப்பு. களம் என்றால் மரமோ கூரையோ இல்லாத இரண்டு ஏக்கர் சிமெண்டுத் தரை. மின்னல் இறங்கினால் அங்கே நிற்கிற ஆளைவிட உயரமாக எதுவும் கிடையாது. அந்தப் பயத்தில் முதல் மூன்று நாள் "வேண்டாம்" என்றேன். மூன்று நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. முதலாளி சின்னுசாமி என்னை வறுத்தெடுத்துவிட்டார்.

"ஏம்மா மோகனப்பிரியா, அஞ்சு மாவட்டத்துக்குச் சொன்ன மழ நம்ம களத்து அட்ரஸக் கேட்டுட்டா வருது?"

நாலாம் நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டு "போடலாம்" என்றேன்.

மாவு தள்ளுகிற குப்பாயிக்கு என்னைக் கேலி செய்யாவிட்டால் பொழுது போகாது. "ஏனுங்க அம்மணி, உங்க போனுல இன்னைக்கு எப்பங்க மழ? தொவச்ச துணிய எடுத்து வெக்கோணும்." நான் விடுவேனா? "வாயக் கொறச்சுட்டு வேலையப் பாருக்கா!" என்று கத்துவேன். அவளுக்குச் சிரிப்பு அடங்காது.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல். போனில் ரேடார் படத்தைத் திறந்தேன். சற்று முன்பு ஏற்காட்டு மலைமேல் இருந்த சிவப்புத் திட்டு நேராக எங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஓரிரு இடம் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. முதலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆபீசுக்குப் பக்கத்துக் கொட்டகையில் குப்பாயியோடு இருபது பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். களத்தின் அந்தக் கோடியில் ராமாயி மட்டும் மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். வடக்கே வானம் உறுமியது. அவளை உள்ளே கூப்பிட வேண்டும், என் தொண்டை அவ்வளவு தூரம் எட்டாது. ஆபீஸ் வாசலில் தொங்கிய மணியை ஓங்கி ஓங்கி அடித்தேன்.

அடிப் பாவி! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மேகம் கறுத்து மணியும் அடித்தால் எங்கள் மில்லில் ஒரே அர்த்தம்தான்: போட்டது போட்டபடி களத்துக்கு ஓடு, மாவைக் கூட்டிக் குவி, தார்ப்பாய் போட்டு மூடு. பத்து வருஷமாக நானே அடித்து அடித்துப் பழக்கியது. ஒருத்தியை உள்ளே கூப்பிடப் போய் இருபது பேரை வெளியே அனுப்பினேன். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள்.

"மாவு நாசமாப் போவுட்டும், உள்ள போங்க! உள்ள போங்க!" என்று அலறிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். காற்று என் பேச்சைப் பிய்த்துக்கொண்டு போனது. நான் என்றைக்குக் கத்தாமல் இருந்தேன்? வேகம் பத்தவில்லை என்று திட்டுவதாக நினைத்து இன்னும் வேகமாகக் குவித்தார்கள். குப்பாயி தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி வானத்தைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். நான் தரையில் கிடந்தேன். எழுந்து பார்த்தபோது ஒவ்வொருவராக எழுந்தார்கள். குப்பாயி எழவில்லை.

மறுநாள் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். எச்சரிக்கைச் செய்தி வந்ததா என்றார். வந்தது என்றேன். ஆட்களுக்குத் தெரிவித்தீர்களா என்றார். மணி அடித்தேன் என்றேன். 'உரிய நேரத்தில் எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார். சின்னுசாமிக்கு மூச்சு வந்தது.

"நல்ல வேள, மணி அடிச்சியேம்மா," என்றார்.

நல்ல வேளையாம்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. காகிதத்தைப் பிடுங்கி அந்த வரியைக் கிறுக்கித் தள்ளினேன். "அந்த மணியாலதானுங்க சார் அவ செத்தா! எழுதுங்க! மழ வருமுன்னு சொன்னா வைய வேண்டியது, அப்புறம் நல்ல வேளையா? இவரு பேரையும் எழுதுங்க, எம் பேரையும் எழுதுங்க!"

யாரும் எழுதவில்லை. வாசலில் நின்றிருந்த குப்பாயியின் புருஷன் காளியண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"அம்மணி, அவ கொட்டாய்க்குள்ளதான் இருந்தாளுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"உங்க ஆபீசுக்குப் பக்கந்தானுங்களே. எட்டிப் பாத்து, வெளிய வராதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா உக்காந்திருப்பாளுங்களே."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.