நாற்பத்து மூன்று சிவப்புப் புள்ளிகள்

பல் தேய்த்துக்கொண்டே மடிக்கணினியைத் திறக்கும் கெட்ட பழக்கம் அவனுக்கு. அன்று வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டான். அவன் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த மென்பொருளில் ஒரு தவறு இருப்பதாக, முகம் தெரியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, யாருக்கு யார் நெருக்கம் என்று புள்ளிகளாகப் படம் போட்டுக் காட்டும் மென்பொருள் அது. பரிசோதனைக்கு எடுத்த எச்சில் கெட்டுப்போனதால் படிக்க முடியாத இடங்களைக் காலியாக விடாமல், பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறதாம். பூஜ்யம் என்றால் அந்த இடத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று கணக்கு. ஆக, எச்சில் கெட்டுப்போனவர்கள் எல்லோரும் ஒரே வம்சம் போலத் தெரிவார்கள். ஏழு வருஷத்துக்கு முன் அவனே அவசரத்தில் எழுதிய ஒற்றை வரி.

அடுத்த அறையில் மனைவி மதிய மாநாட்டுக்கான உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஊரைச் சேர்ந்த நாற்பத்து மூன்று பேர், மனித வம்சத்தில் இதுவரை யாரும் அறியாத தனிக்கிளை என்பது அவள் ஆராய்ச்சியின் முடிவு. அதை வைத்துத்தான் அவளுக்கு நிரந்தர வேலை கிடைக்கவிருந்தது. கண்டுபிடித்துக் கொடுத்ததோ அவனுடைய மென்பொருள். சாயங்காலம்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தான், நினைத்ததற்கு வெட்கப்பட்டான்.

"அந்த நாப்பத்து மூணு பேரோட எச்சில் எப்படி வந்துச்சு?"

"வண்டி வழியில நின்னு ரெண்டு நாள் வெயில்ல கெடந்துச்சே..." அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "முதல்ல வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து சொல்லு."

சொன்னான். அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"போன மாசம் அவங்க ஊருக்கே போய், நீங்க யாரோடயும் சேராத தனி வம்சம்னு சொல்லிட்டு வந்தேன். படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. ஒரு அம்மா, இதுல நான் எந்தப் புள்ளின்னு கேட்டாங்க. காட்டினேன்."

அவன் அந்த வரியைத் திருத்தி மறுபடி ஓடவிட்டான். இருபது நிமிடம். தேய்த்து உடுத்திய உடை கசங்குவதைக்கூடப் பார்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படம் வந்தது. மூலையில் தனியாக நின்ற சிவப்புக் கூட்டத்தைக் காணோம். பக்கத்து ஊர்க்காரர்களின் நீலப் புள்ளிகளுக்குள் கலந்து கிடந்தது.

"பழைய படத்தையும் எடுத்து வை. ரெண்டையும் காட்டறேன்."

"வேலை?"

அவள் திரைக்கு அருகே குனிந்து, எண்களைப் பார்த்துப் பார்த்து, கூட்டத்துக்கு நடுவே அந்த அம்மாவின் சிவப்புப் புள்ளியைத் தேடிப் பிடித்து அதன்மேல் விரலை வைத்தாள். கிளம்ப நேரமாகியும் விரலை எடுக்கவில்லை.