வாயைப் பொத்திய ராசா

எனக்கு நல்ல குரல் என்று முதன்முதலாகச் சொன்னவன் நான்தான். மற்றவர்களும் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் எனக்குக் கலியாணம் ஆனது, காதோரம் நரைத்தது, உலக யுத்தமும் தொடங்கிவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை.

யுத்தம் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது நாற்பத்திரண்டாம் ஆண்டு, சித்திரை வருஷப் பிறப்புக்கு நாங்கள் பலகாரம் சுட இருந்த கிழமையில். யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். ஊர் பாதி காலியாயிற்று. என் மனைவி பூரணம் ஊறப்போட்ட அரிசியை ஊறியபடியே விட்டுவிட்டு ஈச்சிலம்பற்றிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கடற்படைப் பட்டறையில் சாமான் அறைக் கிளாக்கர். இந்தக் குணரத்தினம் ஓடிப்போனால் பிரித்தானிய சாம்ராச்சியம் என்னாவது? அதனால் நான் நின்றேன்.

பூரணத்துக்குப் பயம் குண்டில் இல்லை, சங்கில். விமானம் வருகிறதென்று துறைமுகத்தில் ஊதுவார்களே, அந்த அபாயச் சங்கு. "குண்டு விழுந்தால் விழுந்ததுதான். சங்கு ஊதினால், விழுமோ விழாதோ எண்டு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டெல்லோ இருக்கவேணும். என்னாலை ஏலாது" என்பாள். லீவு கிடைத்தபோதெல்லாம் நான் மூதூருக்கு வள்ளத்திலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலுமாகப் போய், "வீட்டுக்கு வா" என்று கேட்பேன். "ஏலாது" என்பாள். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் திரும்பி வருவேன். வந்து நானே சோறு வடித்து நானே சாப்பிடுவேன். சோறு குழைந்துபோனால் ஏசுவதற்குக்கூட வீட்டில் ஆளில்லை. அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

அடுத்த வருஷம், கூத்துப் பழக்குகிற கதிரவேல் அண்ணாவியார் ஒரு யோசனை எடுத்தார். மகுடசேகர ராசன் கூத்து ஒரு தலைமுறையாக ஆடப்படாமல் கிடந்தது. அதைத் தூசி தட்டிக் கடற்கரை வெளியில் மறுபடியும் ஆடவேண்டும். மத்தளச் சத்தம் கேட்டால் ஓடிப்போன சனம் திரும்பி வரும் என்பது அவர் கணக்கு. ராசா வேஷம் கட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அண்ணாவியார் ஊரெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் என் படலையைத் தட்டினார். கடைசியில்தான் தட்டினார் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அரங்கேற்றத்துக்கு முன்னர், முழுக் கூத்தையும் ஊராருக்கு ஒருமுறை ஆடிக் காட்டிக் குற்றம் குறை கேட்பது வழக்கம். அடுக்குப் பார்ப்பது என்போம். அந்த அடுக்குக்கு வரும்படி பூரணத்தைக் கேட்டேன்.

"நீங்கள் கிணத்தடியிலை கத்தினதைக் கேட்டே என்ர காது புளிச்சுப்போச்சு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, "சரி, சனம் என்ன சொல்லுது எண்டு பாப்பம். ஆனால் அடுத்தநாள் விடிய வள்ளத்துக்குப் போயிடுவன்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். கொண்டுவந்த துணிப்பொட்டலத்தை அவிழ்க்காமலே கதிரையில் வைத்தாள். அந்தப் பொட்டலத்தை அவிழ்க்க வைப்பதுதான் என் வேலை. அதற்கு நான் வைத்திருந்த ஒரே ஆயுதம் ராசாவின் புலம்பல். பகைவர் ராணியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெரிந்ததும், ராசா அடித்தொண்டையில் 'ஆ' என்று தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சியில் நின்று, கீழே இறங்கி, மறுபடியும் ஏறவேண்டும். அதைக் கேட்டால் கல்லும் கரையும், பூரணம் கரையமாட்டாளா என்று நினைத்தேன்.

இரவில் வெளிச்சம் காட்டக்கூடாதென்று கட்டளை. விடியவிடிய ஆடவேண்டிய கூத்தைப் பின்னேர வெயிலில் ஆடினோம். இருட்டு இவ்வளவு காலமும் எத்தனை குறைகளை மூடிவைத்திருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வியர்வையில் பசை இளகி மீசை ஒருபக்கம் தொங்கியது. முடியில் ஒட்டிய தங்கத்தாள் கிழிந்து பிஸ்கட் தகரத்தின் எழுத்துகள் தெரிந்தன. இடுப்பில் கரப்புடுப்பு, வளையங்கள் வைத்துக் கட்டிய ராச உடுப்பு. கோழிகளை மூடிவைக்கிற கரப்புக்குள் ஓர் ஆளை நிறுத்திய மாதிரி இருக்கும். நான் ஏற்கெனவே கொஞ்சம் பருமன். கூத்து ஆடுகிற களரிக்குள் நான் வரும்போது பிற்பாட்டுக்காரர் இரண்டு பேர் எழும்பி வழிவிட வேண்டியிருந்தது.

சல்லியிலிருந்து மீன்பிடிக் குடும்பங்கள், கிண்ணியா வியாபாரிகள், பட்டறை ஆட்கள் என்று நல்ல சனம். குறை சொல்லத்தானே கூப்பிட்டிருக்கிறோம், அவர்கள் ஒளிக்கவில்லை.

"மந்திரியார், ராசாவின்ரை மீசை விழுது, பிடியுங்கோ!"

"கூப்பன் அரிசியிலை இப்பிடி வண்டி வயிறு வைக்குமோ? ராசாவுக்கு எந்தக் கடை எண்டு கேளுங்கோ!"

"ஆடுறாரோ, கால் சுளுக்கிப்போச்சோ?"

முன்வரிசைப் பாயில் இருந்த பூரணம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். குண்டு விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் கண்டதில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்றாலும் எனக்கு ரோசம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

புலம்பல் வந்தது. நான் கண்களை மூடிக்கொண்டேன். பெரிய வித்துவான்கள் அப்படித்தான் செய்வார்கள். 'ஆ' அடித்தொண்டையிலிருந்து புறப்பட்டு ஏறியது. உச்சியில் நின்றது. இறங்கி மறுபடியும் ஏறியது. கூட்டத்தில் பெரிய அசைவு கேட்டது. சனம் உருகுகிறது என்று நினைத்தேன். "ஐயோ, பிள்ளையளைப் பிடியுங்கோ!" என்று யாரோ அலறினார்கள். இவ்வளவுக்கு உருகத் தேவையில்லையே என்றுகூட நினைத்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. உருகுகிற சனத்தை அரைவாசியில் விடுவது அழகல்ல.

மூச்சு முடிந்து கண்ணைத் திறந்தேன். என் முன்னால் வெறும் பாய்களும் ஒற்றைச் செருப்புகளும் கிடந்தன. மத்தளம் இருந்தது, மத்தளக்காரரைக் காணவில்லை. வெளியின் ஓரத்தில் வெட்டிவைத்த பதுங்குகுழிகளுக்குள்ளிருந்து தலைகள் மட்டும் தெரிந்தன. அவற்றில் ஒன்று அண்ணாவியாருடைய தலை.

முனாப் சைக்கிளில் பறந்து வந்தான். பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவன். வேலை முடிந்தால் விமானத் தாக்குதல் காவலருக்கான ஏ.ஆர்.பி. தொப்பியைப் போட்டுக்கொண்டு, சங்கு ஊதியதும் விசில் அடித்துச் சனத்தைக் குழிக்குள் இறக்குவது அவன் பொறுப்பு.

"ஆர் சங்கு ஊதின? எங்கட போஸ்டுக்கு ஒரு தகவலும் வரல்லியே!"

அண்ணாவியார் குழிக்குள் நின்றபடியே விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

முனாப் என் முடியிலிருந்து கரப்பு வரைக்கும் ஒருமுறை பார்த்தான். "மச்சான், நீயா?" என்றான். பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு குழிகளுக்கும் பரவியது. அப்போதுதான் எனக்கே விளங்கியது. இராகம் இராகம் என்று நான் கிணற்றடியில் பழகியது, தினமும் பட்டறையில் சோதனைக்கு ஊதுகிற சங்கிடம் காதால் வாங்கியதைத்தான். அண்ணாவியார் சொல்லித்தந்த மெட்டு எங்கே போனதோ தெரியாது.

பூரணம் கடைசியாக ஏறி வந்தாள். முழங்கால் உரசிச் சேலையில் மண். முகத்தில் இரத்தமே இல்லை. வேறு யாராவது அந்தக் கோலத்தில் வந்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்; அவளைக் கண்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டுவிட்டு, அவள் எதற்குப் பயந்து ஓடினாளோ அதையே வாயால் ஊதிக் காட்டியிருக்கிறேன். கதிரையில் இருக்கிற பொட்டலம் இனி அவிழாது என்று தெரிந்துவிட்டது.

"தம்பி குணரத்தினம், புலம்பலை வெட்டிவிடுவம். ராசா கவலையை மனசுக்குள்ளையே வைச்சிருக்கட்டும்" என்றார் அண்ணாவியார்.

சனம் விடவில்லை. "வெட்டவேண்டாம்! ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். பயந்து ஓடியதற்கு நட்டஈடாக, இந்த முறை பயமில்லாமல் இருந்து கேட்கவேண்டுமாம். முனாப்பும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாயில் குந்தினான்.

நான் பூரணத்தைப் பார்த்தேன். அவள் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு அதே முன்வரிசைப் பாயில் இருந்தாள்.

"பாடுங்கோ" என்றாள், எல்லாருக்கும் கேட்க. "இந்தமுறை நான் ஓடமாட்டன்."

அதற்குப் பிறகு பாடாமல் இருக்க முடியுமா? மூச்சை இழுத்தேன். கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன்.

அப்படி ஒரு நாதம் என் வாழ்க்கையில் வந்ததே இல்லை. அடியிலிருந்து எழும்பி, தடங்கலில்லாமல் ஏறி, உச்சியில் நின்று வெளியையே நிறைத்தது. 'குணரத்தினம், உனக்குக் கடைசியில் வாய்த்துவிட்டது' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பிறகுதான், நான் இன்னும் தொடங்கவேயில்லை என்பது ஞாபகம் வந்தது.

கண்ணைத் திறந்தேன். சங்கு துறைமுகப் பக்கமிருந்து ஊதிக்கொண்டிருந்தது. சனம் ஆடாமல் அசையாமல் இருந்து கைதட்டியது. பின்வரிசையில் ஒரு மனுஷி எழும்பப் பார்த்தாள். பூரணம் திரும்பி, "இருங்கோ, இருங்கோ! அது என்ர மனுசன்தான்!" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை நான் வேறெந்த நாளிலாவது கேட்டிருந்தால் செத்தாலும் பரவாயில்லை என்றிருப்பேன்.

"அது நானில்லை! உண்மைச் சங்கு! ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

கைதட்டல் இரட்டிப்பானது. ராசா நன்றாக நடிக்கிறாராம். முனாப் விசிலடித்தான், ஆனால் சந்தோஷ விசில். நான் கத்தக் கத்த என் வாய் திறந்து மூடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வாய் திறந்திருக்கும்வரை அந்தச் சத்தம் என்னுடையதுதான். என் பேச்சை நம்ப அங்கே ஓர் ஆளும் இல்லை. நானே ஆக்கிவைத்த நிலைமை.

களரியின் விளிம்புக்கு ஓடினேன். இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு பூரணத்துக்கு முன்னால் நின்றேன்.

சங்கு ஊதிக்கொண்டேயிருந்தது.

பூரணத்தின் சிரிப்பு நின்றது. என் கைகளைப் பார்த்தாள், என் கண்களைப் பார்த்தாள். எழும்பினாள். "எழும்புங்கோ எல்லாரும்! அவரின்ரை வாய் மூடியிருக்கு!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு முன்னால் என் புலம்பல் ஒன்றுமேயில்லை. முனாப்பின் விசில் இப்போது வேறுவிதமாக அடித்தது. வெளி ஒரு நொடியில் காலியானது. எல்லாரும் குழிக்கு ஓட, பூரணம் மட்டும் என் பக்கம் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

குழிக்குள் அவள் இறங்கினாள். நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. கரப்புடுப்பு குழிவாயில் மாட்டிக்கொண்டது. இடுப்புக்குக் கீழே குழிக்குள்ளும் இடுப்புக்கு மேலே வெளியிலுமாக, முடி சூடிய மூடியாக நான் நின்றேன். பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கின. அவ்வளவு பயந்தது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. குழிக்குள்ளே இரண்டு கைகள் என் கால்களைக் கட்டிப் பிடித்திருந்தன. பீரங்கி வெடிக்க வெடிக்க அவை இன்னும் இறுக்கின.

விமானம் உயரத்திலேயே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. குண்டு விழவில்லை. எங்கள் பீரங்கி சுட்ட இரும்புத் துண்டு ஒன்றுதான் வானத்திலிருந்து திரும்பி வந்து விழுந்தது. விழுந்ததை நான் கண்டேன். வெளியே தலை வைத்திருந்தவன் நான் ஒருவன்தானே. முன்வரிசைப் பாயை ஊடறுத்து மண்ணுக்குள் இறங்கிப் புகைந்தது. பூரணம் இருந்த பாய்.

ஆபத்து நீங்கியதற்கான சங்கு ஊதியபின், நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். சனம் அந்தப் பாயைச் சுற்றி நின்றது. அண்ணாவியார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முறையை விடக்கூடாதென்று கேட்டார். "சரி. அடுக்குப் பாத்தாச்சு. குற்றம் குறை இருந்தால் சொல்லுங்கோ."

"ராசா நல்லாய் வாயை மூடினார். அரங்கேற்றத்திலையும் அப்பிடியே மூடட்டும்" என்றது ஒரு குரல். வெளி முழுக்கச் சிரித்தது.

"பிள்ளை, நீ எப்பிடி முதலிலை எழும்பினனீ?" என்று அண்ணாவியார் பூரணத்தைக் கேட்டார்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்த மனுசன் தானாய் வாயை மூடினதை நான் கண்டதில்லை, அண்ணாவியார். அதுதான் பயந்து எழும்பினனான்."

இதற்குச் சனம் சிரித்த சிரிப்பு ராணியைக் கொண்டுபோன பகைவர்களுக்கே கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் முடியைக் கழற்றி அந்தப் பாயின் ஓட்டைக்கு மேல் வைத்து மூடினேன்.

விடிய எழும்பியபோது பூரணம் குசினியில் நின்றாள். போகச் சொல்வதுதான் நியாயம் என்று இரவே முடிவெடுத்திருந்தேன். இரும்பு விழுகிற ஊரில் அவளை இருக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

"வள்ளத்துக்கு நேரமாகுது" என்றேன்.

"நான் போகேல்லை." அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கதிரையில் பொட்டலம் இல்லை.

"நேற்றுக் கண்டனீதானே. சங்குக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். அங்கையும் பயம்தான். காத்து ஊதினாலும் சங்கு எண்டு திடுக்கிட்டு எழும்பிறனான்." புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எழும்பினால் அங்கை நான் ஆரின்ரை வாயைப் பாக்கிறது?"