துபாஷிக்கு ஒரு துபாஷி

அனுமந்தன்பட்டியில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். மலையில் அணைக்கட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களோடு அது ஊருக்குள் இறங்கி, தெருத்தெருவாக ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. கேட்டால் 'வயித்து வலி' என்பார்கள். அதிலும் நோய் கண்ட வீட்டார் தங்கள் வாயால் பெயரைச் சொல்லிவிட்டால் அது ஆளைக் கொண்டுபோகாமல் விடாதாம். காளியம்மனை வேண்டியவர்களும் அப்படித்தான், செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டவர்களும் அப்படித்தான். நல்ல கூத்து!

மிஷன் பள்ளிக்கூடத்து ஞானதுரை வாத்தியாருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. சாவடியில் வெள்ளைக்கார டாக்டர் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் வாத்தியார் இரு பக்கப் பேச்சையும் மொழிபெயர்க்கும் துபாஷியாக நின்றார். மருந்து கொஞ்சம்தான் மிச்சம். காலரா என்றால்தான் டாக்டர் புட்டியை எடுப்பார். வயிற்று வலி என்றால் போகச் சொல்லிவிடுவார். வாத்தியாரின் மகள் ஜெயமேரியும் விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தாள். இந்தக் கூட்டம் கலைந்தால்தான் அவர் தன் வீட்டுக்கு மருந்து கேட்க முடியும்.

"எம் மகனுக்கு வயித்து வலி தொரை" என்றாள் மொக்கம்மாள்.

வாத்தியார் வெடித்தார். "கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கான், இன்னும் என்னத்தா வயித்து வலி? வெள்ளைக்காரவுகளப் பாரு, வாய்க்கு வாய் காலரா காலராங்கிறாக. அவுக நாக்கு அழுகியா போச்சு?"

"பெத்தவ வாயால சொல்லலாமா? நீங்க சொல்லுங்க வாத்தியாரய்யா."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு, டாக்டரிடம் "காலரா" என்றார். புட்டி வந்தது. அடுத்து வந்த ராக்கப்பனும் வயித்து வலி என்றான். வாத்தியார் காலரா என்றார். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள், அவரும் சலித்துப்போய் அதையே சொன்னார். படித்துப் படித்துச் சொன்னாலும் இந்த ஜனம் திருந்தாது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டார்.

ஒருவழியாகக் கூட்டம் ஓய்ந்தது. வாங்கின மருந்தை மகனுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வேளை எப்போது என்று கேட்க மொக்கம்மாள் மட்டும் திரும்பி வந்து நின்றிருந்தாள். வாத்தியார் தன் மகளுக்கும் உடம்பு சரியில்லை என்றார். என்ன நோய் என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார்.

வாத்தியார் வாயைத் திறந்தார். காலையிலிருந்து தண்ணீர் பட்ட பாடாக வந்த வார்த்தை இப்போது தொண்டையை விட்டு வரவில்லை. ஜெயமேரியின் முகம் கண்முன் நின்றது.

"வயித்து வலி" என்றார், நல்ல இங்கிலீஷில்.

டாக்டர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைப் பூட்டினார். வாத்தியாருக்கு அந்தப் பெயரைச் சொல்லவும் முடியவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை.

பூட்டிய பெட்டியைப் பார்த்ததும் மொக்கம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தொரே! வாத்தியார் மகளுக்குக் காலரா! காலரா!" என்று சாவடி அதிரக் கத்தினாள்.

"ஏ, வாய மூடு!" என்று வாத்தியார் கையை ஓங்கிக்கொண்டு அவள் மேல் பாய்ந்தார்.

டாக்டர் எழுந்து வந்து, ஓங்கிய அந்தக் கையில் புட்டியை வைத்தார்.